ஏனோதானோவிலிருந்து வெளியே வர: விசுவாசத்திலும் வேலையிலும் முழுமனதாய் இருக்க ஒரு வழிகாட்டி

நான் வேலைக்குச் சேர்ந்து இரண்டாவது ஆண்டு. மாதக் கடைசியில் வங்கி அறிக்கையையும் எங்கள் பேரேட்டையும் வரிவரியாக ஒப்பிட்டுச் சரிபார்ப்பது என் பொறுப்பு. ஒரு மாதம் எல்லாம் ஒத்துப்போயிற்று, 540 மட்டும் இடித்தது. இரண்டு முறை தேடினேன், கிடைக்கவில்லை. நேரமாகிவிட்டது. அந்த 540-ஐ சஸ்பென்ஸ் கணக்கில் போட்டுவிட்டுக் கிளம்பிவிட்டேன். எதில் சேர்ப்பது என்று தெரியாத தொகையைத் தற்காலிகமாக நிறுத்திவைக்கும் இடம் அது. அடுத்த மாதமும் 540 அங்கேயே இருந்தது. அதற்கடுத்த மாதமும்.

நான்காவது மாதம் மூத்த கணக்கர் ஒருவர் என் மேஜைப் பக்கம் வந்தார். "தம்பி, இந்த 540-ஐ ஒன்பதால வகுத்துப் பாரு" என்றார்.

"அறுபது வருது சார்."

"மீதி இல்லாம வருதில்ல? அப்படின்னா எங்கேயோ பக்கத்துப் பக்கத்து இலக்கம் இடம் மாறியிருக்கும். அதைத் தேடு."

தேடினேன். 1,820 என்று வந்திருந்த தொகையை 1,280 என்று பதிந்திருந்தேன். கண்டுபிடிக்க இருபது நிமிடம் ஆயிற்று. அதற்குப் பிறகு தெரியவந்ததுதான் என்னைத் தூங்கவிடவில்லை. முழுத்தொகையையும் கட்டிவிட்ட ஒருவருக்கு அந்த நான்கு மாதமும் 'பாக்கி 540' என்று நினைவூட்டுக் கடிதம் போய்க்கொண்டிருந்தது.

அதே மாதங்களில் நான் ஞாயிறுதோறும் சிறுவர்களுக்கு வேதபாடம் எடுத்துக்கொண்டிருந்தேன். சனிக்கிழமை இரவு பத்து மணிக்குத்தான் பாடப்புத்தகத்தைத் திறப்பேன். பிள்ளைகள்தானே, சமாளித்துக்கொள்ளலாம் என்ற தைரியம். அலுவலகத்தில் ஒரு குணம், சபையில் வேறொரு குணம் என்று எனக்கு இருக்கவில்லை. இரண்டு இடத்திலும் ஒரே ஏனோதானோதான். ஒன்றைச் சரிசெய்யப் போனபோது மற்றதும் கூடவே அசைந்தது. அந்த அனுபவத்திலிருந்தும், வேதத்தில் படித்ததிலிருந்தும் திரட்டிய படிகள் இவை. வரிசையாகப் போனால் நல்லது. முதல் படிக்கு மட்டும் ஒரு முழு வாரம் கொடுங்கள்.

படி 1: எங்கே ஒப்பேற்றுகிறீர்கள் என்று எழுதுங்கள்

ஒரு சின்ன நோட்டுப் புத்தகம் போதும். பக்கத்தின் நடுவில் ஒரு கோடு. இடப்பக்கம் வேலை, வலப்பக்கம் விசுவாசம். ஏழு நாட்கள், எதை அரைகுறையாக விட்டீர்களோ அதை மட்டும் எழுதுங்கள். இந்த வாரம் எதையும் திருத்த முயல வேண்டாம். திருத்த ஆரம்பித்தால் எழுதுவது நின்றுவிடும்.

ஏனோதானோ வரும்போது சத்தம் போட்டு வருவதில்லை. சில வாக்கியங்களாக வரும். "இது போதும்." "யார் பார்க்கப் போறாங்க." "அப்புறம் பார்த்துக்கலாம்." "எல்லாரும் இப்படித்தான் செய்றாங்க." இவற்றில் ஒன்று மனதில் ஓடும் கணத்தில் நோட்டை எடுங்கள்.

என் முதல் வாரப் பட்டியலின் சில வரிகளைச் சொல்கிறேன். இணைத்திருந்த கோப்பைத் திறந்துகூடப் பார்க்காமல் "பார்த்தேன், சரி" என்று மின்னஞ்சலுக்குப் பதில் எழுதியது. கூட்டத்துக்கு முன் படிக்கச் சொன்னதை, கூட்டம் நடக்கும்போதே மேஜைக்கடியில் வைத்துப் படித்தது. வலப்பக்கத்தில்: மருத்துவமனையில் இருந்த நண்பரிடம் "உனக்காக ஜெபிக்கிறேன்" என்று சொல்லிவிட்டு ஒரு தடவைகூட ஜெபிக்காதது. சங்கீதம் ஒன்றை வாசித்து முடித்து, ஐந்து நிமிடம் கழித்து அது எந்தச் சங்கீதம் என்று நினைவில்லாமல் போனது. நண்பர் விஷயத்தை எழுதும்போது கை கூசியது. எழுதாமல் இருந்திருந்தால் அது பொய் என்றுகூட எனக்கு உறைத்திருக்காது.

வாரக் கடைசியில் இரண்டு பக்கத்தையும் சேர்த்துப் படியுங்கள். ஒரே மாதிரி வரிகள் இரு பக்கமும் இருக்கும். அவற்றின் கீழ் கோடு போடுங்கள், அங்கிருந்துதான் தொடங்கப் போகிறீர்கள்.

படி 2: யாருக்கு என்பதை முடிவு செய்யுங்கள்

அரைகுறை வேலைக்குச் சோம்பல்தான் காரணம் என்று நீண்டகாலம் நினைத்திருந்தேன். முழுக் காரணம் அதுவல்ல. யாருக்காகச் செய்கிறோமோ அவர் நம் கண்ணிலிருந்து மறைந்துவிடுகிறார், கை தளர்ந்துவிடுகிறது. பிரியமானவர் வீட்டுக்கு வருகிறார் என்றால் எந்தச் சோம்பேறியும் எழுந்து பெருக்குவான்.

கொலோசெயர் 3-ஆம் அதிகாரத்தில் பவுல் இதைத் தொடுகிறார். எதைச் செய்தாலும் மனுஷருக்கென்று செய்யாமல் கர்த்தருக்கென்றே மனப்பூர்வமாய்ச் செய்யுங்கள் என்ற வரி எல்லோருக்கும் தெரியும். அது யாருக்கு எழுதப்பட்டது என்பதைத்தான் மறந்துவிடுகிறோம். சம்பளமோ பதவி உயர்வோ எதிர்பார்க்க முடியாத அடிமைகளுக்கு எழுதியது அது. முந்தைய வசனத்தில் 'பார்வைக்கு ஊழியஞ்செய்யாமல்' என்று ஒரு சொல் வருகிறது. மூலமொழியான கிரேக்கத்தில் 'கண்' என்பதையும் 'அடிமை வேலை' என்பதையும் ஒட்டி ஆக்கிய ஒரே சொல். எஜமானின் கண் படும்வரைக்கும்தான் வேலை, என்று அர்த்தம். அந்தச் சொல்லுக்கு இன்றைய அலுவலகங்களில் உதாரணம் தேடி அலைய வேண்டியதில்லை.

மல்கியா தீர்க்கதரிசி ஆசாரியர்களைப் பார்த்துக் கேட்பது இன்னும் கூர்மையானது. கண் தெரியாததும் நொண்டுவதுமான ஆட்டைப் பலிபீடத்துக்குக் கொண்டுவருகிறீர்களே, அதை உங்கள் அதிபதிக்குக் கொடுத்துப் பாருங்கள், வாங்கிக்கொள்வானா? என் சனிக்கிழமை இரவுப் பாடத் தயாரிப்பை அந்தக் கேள்வியின் முன் வைத்துப் பார்த்தேன். மேலாளர் முன் பேச வேண்டியதற்கு மூன்று நாள் தயாரிப்பேன். கர்த்தருடைய வார்த்தைக்கு ஒரு மணி நேரம்.

செய்ய வேண்டியது இதுதான். வேலை தொடங்கும் முன் ஒரு நிமிடம் நிறுத்துங்கள். அந்த வேலை போய்ச் சேரும் மனிதர் யார் என்று ஒரு சீட்டில் எழுதுங்கள். 'கர்த்தருக்கு' என்று மட்டும் எழுதினால் சில நாட்களில் அது வெறும் வழக்கமாகிவிடும், எனக்கு அப்படித்தான் ஆயிற்று. அதனால் அவருக்குப் பக்கத்தில் ஒரு மனித முகத்தையும் வையுங்கள். நீங்கள் எழுதும் அறிக்கையை நாளை காலை திறக்கப்போகும் சக ஊழியர், நீங்கள் சரிபார்க்கும் கருவியைப் பிடிக்கப்போகும் தொழிலாளி, 'பாக்கி' கடிதம் வாங்கப்போகும் ஒருவர். பிறகு ஒரு வரி ஜெபம்.

இசை மேதை பாஃக் (1685–1750) தம் ஆலய இசைப் படைப்புகள் பலவற்றின் தொடக்கத்தில் 'இயேசுவே, உதவும்' என்பதன் முதலெழுத்துகளையும், முடிவில் 'தேவனுக்கே மகிமை' என்பதன் முதலெழுத்துகளையும் எழுதிவைத்தார். 1723-இல் லைப்சிக் நகரில் பொறுப்பேற்ற பிறகு, முதல் சில ஆண்டுகள் ஏறக்குறைய வாரம் ஒரு புதிய படைப்பைக் கொடுக்கவேண்டிய நெருக்கடி அவருக்கு. அந்த நெருக்கடியிலும் அந்த எழுத்துகளை இட்டார். என் கணக்குத் தாள்களின் மூலையில் நானும் பென்சிலால் ஒரு சிறிய குறி இடத் தொடங்கினேன். யாருக்கும் அது என்னவென்று தெரியாது.

படி 3: உங்கள் அளவு எது என்று தெரிந்துகொள்ளுங்கள்

மேன்மை என்றதும் பலர் பக்கத்து மேஜையைப் பார்க்கிறார்கள். மத்தேயு 25-இல், எஜமான் தன் பணத்தை மூன்று ஊழியக்காரரிடம் ஒப்படைத்துவிட்டுப் போகும் தாலந்துகளின் உவமையில் ஐந்து பெற்றவனுக்கும் இரண்டு பெற்றவனுக்கும் எஜமான் சொல்லும் பாராட்டு ஒரே வார்த்தைகளில் இருக்கிறது. இரண்டு பெற்றவனிடம் "ஏன் பத்தாக்கவில்லை?" என்று யாரும் கேட்கவில்லை. ஒன்று பெற்றவன் ஏழை என்றும் நினைக்க வேண்டாம். ஒரு தாலந்து என்பது ஏறத்தாழ 6,000 தெனாரி, ஒரு தெனாரி ஒரு நாள் கூலி. கிட்டத்தட்ட இருபது ஆண்டுக் கூலியை அவன் குழிதோண்டிப் புதைத்தான்.

எதிர்ப்பக்கப் பள்ளமும் உண்டு. ஒரு சிறு தவறும் இல்லாமல் வந்தால்தான் வெளியே காட்டுவேன் என்று வேலையைக் கையிலேயே வைத்துக்கொண்டிருப்பது. அது பார்ப்பதற்கு நேர்த்தியாகத் தெரியும், உள்ளே இருப்பது பயம். பெத்தானியாவில் இயேசுவின் தலையில் தைலம் ஊற்றிய பெண்ணைப் பற்றி அவர் சொன்னது, 'இவள் தன்னால் இயன்றதைச் செய்தாள்' என்பது. அதற்கு மேல் யாரிடமும் கேட்கப்படுவதில்லை. அதற்குக் கீழே நிற்கவும் வழியில்லை.

எல்லா வேலையையும் ஒரே அளவு சிறப்பாகச் செய்யுங்கள் என்று சொல்பவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. அப்படி முயன்றவர்கள் களைத்துப்போய்ப் பழையபடி ஏனோதானோவுக்குத் திரும்புவதைத்தான் பார்த்திருக்கிறேன். உங்கள் வேலைகளில் எவை மனிதரைத் தொடுகின்றன, எவை பிறகு திருத்த முடியாதவை என்று பிரியுங்கள். ஒருவருடைய பணம், உடல்நலம், நற்பெயர், பிள்ளையின் படிப்பு இவற்றைத் தொடும் வேலை எதுவானாலும் அங்கே முழுக் கவனம். உள்சுற்றுக்கான ஒரு குறிப்பை நான்கு வரியில் தெளிவாக எழுதினால் போதும், அதற்கு அலங்காரம் தேவையில்லை.

படி 4: கைக்குத் திறமை சேருங்கள்

இந்தப் படியில்தான் விசுவாசிகளான நாம் அதிகம் தவறுகிறோம் என்பது என் எண்ணம். "மனது சரியாக இருந்தால் போதும், கர்த்தர் பார்த்துக்கொள்வார்" என்கிறோம். சங்கீதம் 78-இன் கடைசி வசனம் தாவீதைப் பற்றி இரண்டு விஷயம் சொல்கிறது: இருதயத்தின் உண்மையின்படி மேய்த்தான், கைகளின் திறமையினால் நடத்தினான். இருதயம் மட்டும் உண்மையாக இருந்து கைக்குத் திறமை இல்லாவிட்டால், ஆடு எங்கேயோ பள்ளத்தில் கிடக்கும். நாம் பக்கத்தில் நின்று ஜெபித்துக்கொண்டிருப்போம்.

யாத்திராகமம் 31-இல் பெசலெயேல் என்ற கைவினைஞர் வருகிறார். தேவ ஆவியினால் நிரப்பப்பட்டவர் என்று வேதம் முதன்முதலில் சொல்வது ஒரு தீர்க்கதரிசியையோ ராஜாவையோ அல்ல, இவரைத்தான். எதற்காக நிரப்பப்பட்டார்? பொன், வெள்ளி, வெண்கலத்தில் வேலை செய்யவும், ரத்தினங்களை வெட்டிப் பதிக்கவும், மரத்தில் சித்திர வேலை செய்யவும். அந்த அதிகாரத்தைப் படித்த பிறகு பட்டறைக்கும் ஆராதனைக்கும் நடுவில் நான் போட்டிருந்த சுவர் எனக்கே அபத்தமாகத் தெரிந்தது.

சரி, திறமையை எப்படிச் சேர்ப்பது? ஒரு சமயத்தில் ஒன்றே ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். 'நல்ல ஆசிரியராக வேண்டும்' என்பது மிகப் பெரியது. 'மாணவர் கேட்கும் கேள்வியை முழுதும் கேட்ட பிறகே பதில் சொல்வேன்' என்பது பழகக்கூடியது. 'நன்றாகப் பிரசங்கிக்க வேண்டும்' என்பதைவிட 'ஒரே கருத்தை இருபது நிமிடத்தில் தெளிவாகச் சொல்வேன்' என்பது கைக்குள் வரும். மூன்று மாதம் அதையே பிடித்துக்கொள்ளுங்கள். தினம் அரை மணி நேரம் ஒதுக்க முடிந்தால் நல்லது, முடியாவிட்டால் கால் மணி. இடைவெளி விடாமல் இருப்பதுதான் இதில் பலன் தரும்.

அதோடு ஒரு தவறுப் பதிவேடு வையுங்கள். எனக்கு அதிகம் உதவியது இதுதான், அதனால் கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன். நான்கு பத்திகள்: தேதியும் நேரமும், என்ன தவறு, ஏன் நடந்தது, எந்தச் சோதனை அதைப் பிடித்திருக்கும். 'கவனக்குறைவு' என்று காரணப் பத்தியில் எழுதாதீர்கள். அந்தச் சொல் எதையும் விளக்காது. அந்த நேரத்தில் என்ன நடந்துகொண்டிருந்தது என்று எழுதுங்கள். இரண்டு மாதம் கழித்து என் பதிவேட்டைப் புரட்டியபோது, பாதிக்கு மேல் மாலை நான்கு மணிக்குப் பிறகு நடந்திருந்தன. பெரும்பாலானவை தாளிலிருந்து கையால் எண்களை எடுத்து எழுதும்போது. அன்றிலிருந்து எண் பதிவு வேலையைக் காலைக்கு மாற்றினேன். எழுதிய எண்ணை வலமிருந்து இடமாக, ஒவ்வொரு இலக்கமாக, மெதுவாக வாய்விட்டு வாசித்துச் சரிபார்க்கப் பழகினேன். இடமிருந்து வலமாக வாசித்தால் கண் தான் எதிர்பார்ப்பதையே பார்த்துவிடும். திருப்பி வாசிக்கும்போது ஏமாற்ற முடியாது. இலக்கம் மாறும் தவறு அதன் பிறகு வெகுவாகக் குறைந்தது.

உங்கள் வேலையைக் குறைசொல்ல ஒருவரைக் கேட்டுக்கொள்ளுங்கள். "எப்படி இருக்கு?" என்று கேட்டால் "நல்லா இருக்கு" என்பார்கள். "இதில் ஒன்றை நீக்கச் சொன்னால் எதை நீக்குவீங்க?" என்று கேளுங்கள். உண்மையான பதில் வரும்.

வில்லியம் கேரி (1761–1834) செருப்புத் தைக்கப் பழகிய தொழிலாளி. அந்த வேலை செய்துகொண்டே லத்தீனும் கிரேக்கமும் எபிரெயமும் கற்றார். 1793-இல் இந்தியாவுக்கு வந்து, பின்னர் செராம்பூரில் வேதத்தைப் பல மொழிகளில் பெயர்த்து அச்சிடும் பணியை நடத்தினார். 1812 மார்ச்சில் அந்த அச்சகம் தீப்பிடித்தது. ஆண்டுக்கணக்கில் உழைத்த கையெழுத்துப் பிரதிகளும் அகராதி வேலையும் சாம்பலாயின. அவர் மறுபடி முதலிலிருந்து தொடங்கினார். தம்மிடம் இருப்பதாக அவர் ஒப்புக்கொண்டது ஒரே ஒரு குணத்தைத்தான்: விடாமல் ஒவ்வோர் அடியாகப் போய்க்கொண்டிருப்பது.

படி 5: ஜெபத்தையும் வாசிப்பையும் அரைகுறையிலிருந்து மீட்டெடுங்கள்

வெதுவெதுப்பு என்றதும், குளிருமில்லை அனலுமில்லை என்று வேதத்தில் கண்டிக்கப்பட்ட லவோதிக்கேயா சபை நினைவுக்கு வரும். அந்த ஊரின் தண்ணீர்க் கதையைத் தெரிந்துகொண்டால் வெளிப்படுத்தின விசேஷம் 3-ஆம் அதிகாரம் வேறு விதமாகக் கேட்கும். இன்றைய துருக்கியில் இருக்கும் இடம் அது. வடக்கே சுமார் பத்து கிலோமீட்டரில் எராப்போலி, வெந்நீர் ஊற்றுகளுக்குப் பேர்போனது. மற்றொரு பக்கம் கொலோசெ, குளிர்ந்த நல்ல நீர் உள்ள இடம். லவோதிக்கேயாவுக்கோ குழாய் வழியாகத்தான் தண்ணீர் வந்தது. சுண்ணாம்புப் படிவத்தால் அடைபட்ட அந்தக் குழாய்களை இன்றும் பார்க்கலாம். வெந்நீர் உடம்பு வலிக்கு உதவும், குளிர்ந்த நீர் தாகம் தீர்க்கும். வெதுவெதுப்பானது இரண்டுக்கும் ஆகாது. உணர்ச்சி குறைந்துவிட்டது என்பதைவிட, யாருக்கும் பயன்படாமல் போய்விட்டது என்பதே அந்தக் கண்டனம் என்று வேத ஆராய்ச்சியாளர் பலர் படிக்கிறார்கள். எனக்கும் அதுவே பொருத்தமாகப் படுகிறது.

கி.பி. 60 அளவில் பூகம்பத்தில் இடிந்த அந்த நகரம் ரோமாபுரியின் உதவி இல்லாமல் தன் சொந்தப் பணத்தில் எழுந்து நின்றது. 'எனக்கு ஒரு குறைவுமில்லை' என்று சொல்ல அவர்களுக்குக் காரணம் இருந்தது. ஏனோதானோ ஜெபத்தின் வேரும் அதுதான்: ஒரு குறைவும் இல்லை என்ற நினைப்பு.

வாசிப்பில் தொடங்குங்கள். ஒரு நாளைக்கு இவ்வளவு அதிகாரம் என்ற கணக்கைக் கொஞ்ச காலம் ஒதுக்கிவையுங்கள். முதலில் மாற்கு சுவிசேஷத்தை ஒரே அமர்வில் முழுதும் படியுங்கள். பதினாறு அதிகாரம், ஒன்றரை மணி நேரம் போல ஆகும். துண்டுதுண்டாகக் கேட்ட கதை முதன்முறையாக ஒரே ஓட்டமாக ஓடும். பிறகு அதே புத்தகத்துக்குத் திரும்பி, தினம் ஒரு சிறு பகுதி. படித்து முடித்ததும் புத்தகத்தை மூடிவிட்டு, படித்ததை உங்கள் சொந்த வார்த்தையில் மூன்று வரி எழுதுங்கள். எழுத வரவில்லையென்றால் நீங்கள் படிக்கவில்லை, கண் மட்டும் ஓடியிருக்கிறது. திரும்பப் படியுங்கள்.

ஜெபத்துக்குப் பெயர்களும் தேதிகளும் வேண்டும். "எல்லாரையும் ஆசீர்வதியும்" என்பது சஸ்பென்ஸ் கணக்கு மாதிரி, எல்லாவற்றையும் தூக்கி ஒரே இடத்தில் போட்டுவிடும். யாருக்காக, எதற்காக, எந்தத் தேதியிலிருந்து என்று எழுதுங்கள். யாரிடமாவது "ஜெபிக்கிறேன்" என்று சொன்னால், அந்த இடத்திலேயே, பிரியும் முன்னே, ஒரு நிமிடம் ஜெபித்துவிடுங்கள். இது என் வாழ்க்கையில் ஒரு பெரிய பொய்யை நிறுத்தியது.

நேரமும் இடமும் மாறாமல் இருக்கட்டும். தானியேல் 6-இல், ராஜாவைத் தவிர யாரிடமும் விண்ணப்பம் செய்யக் கூடாது என்ற தடை உத்தரவு வந்த பிறகும் தானியேல் மூன்று வேளையும் முழங்காற்படியிட்டார். 'தான் முன் செய்துவந்தபடியே' என்கிறது வசனம். எண்பது வயதை ஒட்டிய மனிதர் அன்றைக்குப் புதிதாக எந்தத் துணிச்சலையும் வரவழைக்கவில்லை. வழக்கம் அவரை ஜன்னலண்டை கொண்டுபோய் நிறுத்தியது. அதே தானியேலின் அலுவலில் குற்றம் கண்டுபிடிக்கப் பகைவர்கள் தோண்டித் துருவியும் ஒன்றும் சிக்கவில்லை என்று சில வசனங்களுக்கு முன்னால் இருக்கிறது. இரண்டும் ஒரே ஆளைப் பற்றி, ஒரே அதிகாரத்தில்.

இன்னொன்று, இதுதான் கஷ்டம். மத்தேயு 5-இல், காணிக்கை கொண்டுவந்த இடத்தில் உன் சகோதரனுக்கு உன்மேல் குறை உண்டென்று நினைவு வந்தால், காணிக்கையை அங்கேயே வைத்துவிட்டுப் போய் முதலில் ஒப்புரவாகு என்கிறார் இயேசு. நம் விசுவாசத்திலும் ஒரு சஸ்பென்ஸ் கணக்கு இருக்கிறது. பேசாமல் விட்ட அண்ணன், திருப்பித் தராத கடன், கேட்காத மன்னிப்பு. மாதாமாதம் அடுத்த பக்கத்துக்குக் கொண்டுபோகிறோம். நோட்டின் வலப்பக்கத்தில் அந்தப் பெயர்களை எழுதுங்கள். மாதத்துக்கு ஒருவர் என்று வைத்துக்கொண்டாலும் போதும்.

படி 6: கண்ணில் படாத பகுதியை முடியுங்கள்

சாலொமோன் கட்டிய ஆலயத்தின் முன்னே இரண்டு வெண்கலத் தூண்கள், யாகீன், போவாஸ். ஒவ்வொன்றும் பதினெட்டு முழம் உயரம், அதற்கு மேல் ஐந்து முழக் கும்பம். பத்து மீட்டருக்கு மேல் வருகிறது. அந்த உச்சியில் வலைப்பின்னலும் மாதுளம்பழ வரிசைகளும் லீலிபுஷ்ப வேலையும் இருந்ததாக 1 இராஜாக்கள் 7-ஆம் அதிகாரம் பொறுமையாகச் சொல்கிறது. கீழே நிற்பவன் கழுத்தை எவ்வளவு வளைத்தாலும் அந்தப் பூவிதழின் ஓரம் தெரிந்திருக்காது. தீரு ஊர்க் கைவினைஞர் ஈராம் அதைச் செய்து முடித்தார்.

உங்கள் வேலையில் 'முடிந்தது' என்றால் என்ன என்று எழுதிவையுங்கள், வேலை தொடங்கும் முன்பே. களைத்த பிறகு எழுதினால் வரையறை சுருங்கிவிடும். என் ஒப்பீட்டு வேலைக்கு நான் எழுதியது: ஒவ்வொரு வித்தியாசத்துக்கும் காரணம் எழுதப்பட்டிருக்க வேண்டும், சஸ்பென்ஸில் எதுவும் முப்பது நாளுக்கு மேல் தங்கக் கூடாது, நாளை நான் வராவிட்டாலும் இன்னொருவர் என் தாளைப் பார்த்துப் புரிந்துகொள்ள வேண்டும். வேதபாட வகுப்புக்கு: புதன்கிழமைக்குள் பகுதியைப் படித்திருக்க வேண்டும், வெள்ளிக்குள் ஒரே ஒரு கேள்வி தயாராக இருக்க வேண்டும், ஒவ்வொரு பிள்ளையின் பெயரையும் அந்த வாரம் ஜெபத்தில் சொல்லியிருக்க வேண்டும். கடைசி விஷயம் எந்தப் பிள்ளைக்கும் தெரியாது.

படி 7: சுற்றிலும் ஏனோதானோ இருந்தால்

நெகேமியா 3-ஆம் அதிகாரம் எருசலேம் மதிலைக் கட்டியவர்களின் பெயர்ப் பட்டியல். பலர் தாண்டிப் போய்விடுவார்கள். அதில் தெக்கோவா ஊராரைப் பாருங்கள். அவர்களுடைய பிரபுக்கள் வேலைக்குத் தோள் கொடுக்கவில்லை என்று ஐந்தாம் வசனம் சொல்கிறது. கொஞ்சம் தள்ளி இருபத்தேழாம் வசனத்தில் அதே தெக்கோவா மக்கள் இன்னொரு பங்கையும் கட்டிக்கொண்டிருக்கிறார்கள். தலைவர்கள் வரவில்லை என்பதை அவர்கள் சாக்காக எடுத்துக்கொள்ளவில்லை. மதில் ஐம்பத்திரண்டு நாளில் முடிந்தது.

அதனால் உங்கள் பங்கைக் கட்டுங்கள். மற்றவர் மேஜைக்குக் காவல் நிற்காதீர்கள். குறை சொல்ல வேண்டிய பொறுப்பு உங்களுக்கு இருந்தால், தனியாகக் கூப்பிட்டு, குறிப்பாக, ஒன்றை மட்டும் சொல்லுங்கள். "நீ எப்பவும் இப்படித்தான்" என்பதால் யாரும் திருந்தியதாக நான் பார்த்ததில்லை. என்னைத் திருத்தியவர் ஒன்பதால் வகுக்கத்தான் சொன்னார்.

படி 8: ஓய்வைத் தள்ளிப்போடாதீர்கள்

பெசலெயேலை நியமிக்கும் அதே யாத்திராகமம் 31-இல், அடுத்த வசனங்களிலேயே ஓய்வுநாள் கட்டளை மறுபடி வருகிறது. இஸ்ரவேலரின் வழிபாட்டு இடமான ஆசரிப்புக் கூடாரத்தைச் செய்வது போன்ற பரிசுத்தமான வேலைக்காகக்கூட அந்த நாளை மீற அனுமதி இல்லை. வாரத்தில் ஒரு நாள் வேலை மின்னஞ்சலைத் திறக்காதீர்கள். சபை ஊழியத்தில் ஓடிக்கொண்டிருப்பவர்களுக்கு ஞாயிறே ஓய்வாக இருக்காது, அவர்கள் வேறொரு நாளைக் குறித்துக்கொள்ள வேண்டும். களைத்த உடம்பு தரமானதைத் தேர்ந்தெடுக்காது, சீக்கிரம் முடிவதைத்தான் தேர்ந்தெடுக்கும்.

படி 9: தவறியதைத் தாமதமில்லாமல் சொல்லுங்கள்

இத்தனைக்குப் பிறகும் தவறுவீர்கள். அன்று 1,820-ஐக் கண்டுபிடித்ததும், பதிவை மட்டும் சத்தமில்லாமல் திருத்திவிட்டு விட்டுவிடலாமா என்று எனக்குத் தோன்றியது. பாக்கி தானாகவே பூஜ்யமாகிவிடும், கடிதம் நின்றுவிடும், யாருக்கும் தெரியாது. மூத்தவர் எதுவும் சொல்லவில்லை, என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மேலாளரிடம் போய்ச் சொன்னேன். மூன்றே விஷயம்: என்ன தவறு, யாருக்குப் பாதிப்பு, இனி எப்படித் தடுப்பேன். நீங்களும் இந்த மூன்றை மட்டும் சொல்லுங்கள், சாக்கு வேண்டாம், அளவுக்கு மீறிய அழுகையும் வேண்டாம். பிறகு பணம் கட்டியவருக்கு நானே கடிதம் எழுதினேன். பிழை எங்களுடையது, நீங்கள் முழுத்தொகையும் கட்டியிருக்கிறீர்கள், நான்கு மாதம் உங்களைச் சிரமப்படுத்தியதற்கு மன்னிக்க வேண்டும் என்று. பத்து நாள் கழித்துப் பதில் வந்தது. கட்டிய ரசீது வீட்டில் எங்கோ தொலைந்துவிட்டதாகவும், தாம்தான் குறைத்துக் கட்டிவிட்டோமோ என்று மனைவியிடம் பலமுறை கேட்டுக்கொண்டதாகவும், இப்போது நிம்மதி என்றும் எழுதியிருந்தார்.

இப்போது வெள்ளிக்கிழமை மாலைகளில் அரை மணி நேரம் ஒதுக்கியிருக்கிறேன். முதலில் சஸ்பென்ஸ் கணக்கைத் திறப்பேன். பிறகு நோட்டின் வலப்பக்கத்தை. இந்த வாரம் முதலாவதில் ஒன்றும் இல்லை. இரண்டாவதில் ஒரு பெயர், மூன்று வாரமாக இருக்கிறது. இதை எழுதி முடித்ததும் அவரைக் கூப்பிடப் போகிறேன்.